நண்பர், மருத்துவர், கடிதங்கள்: பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டன் வரை ஆறு நாள்

முதல் நாள் – பிலடெல்பியா

ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் கூடும் மூலையில் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தெருவோரக் கம்பித் தடுப்புக்கு உள்ளே பெஞ்சமின் பிராங்க்ளினின் கல்லறைக்கல் தரையோடு தரையாகப் படுத்திருக்க, வருகிறவர்கள் எல்லாரும் அதன்மேல் ஒரு செப்புக்காசை எறிந்துவிட்டுப் போகிறார்கள். நான் தேடி வந்தது அந்தக் கல்லை அன்று. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று, மழையில் கரைந்து எழுத்து மங்கிய பல கற்களைக் கடந்து, மருத்துவர் பெஞ்சமின் ரஷ் புதைக்கப்பட்ட இடத்தை அடைந்தேன். 1813 ஏப்ரல் 19 அன்று இறந்தார் என்ற செய்திக்குக் கீழே, “நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே” என்னும் வேத வாக்கியம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நோயாளி மருத்துவரை நம்புவது எளிதில் புரிகிறது. ஆனால் மருத்துவத்தை நம்பாத ஒருவர் மருத்துவரை மட்டும் மனமார நம்பியதைப் படித்தபோதுதான் இந்தப் பயணத்துக்கான ஆசை எழுந்தது. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் தம் நண்பர் ரஷ்ஷுக்கு எழுதிய கடிதங்களைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். அவை எழுதப்பட்ட இடங்களையும் சென்று சேர்ந்த இடங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்திருக்கிறாள்.

இருவரும் 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்கள். அப்போது ரஷ்ஷுக்கு வயது 30, ஜெஃபர்சனுக்கு 33. இருபது ஆண்டுகள் கழித்து ஜெஃபர்சன் துணைக் குடியரசுத் தலைவராக இந்நகருக்கு வந்தபோது, அதாவது பிலடெல்பியா தலைநகராக இருந்த கடைசி ஆண்டுகளில், நட்பு நெருக்கமாயிற்று. கல்லறைத் தோட்டத்திலிருந்து சிறிது தூரம் தெற்கே நடந்தால், அதே ஐந்தாம் தெருவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் செங்கல் கட்டடம் வருகிறது. அந்தக் கழகத்துக்கு 1797-இல் ஜெஃபர்சன் தலைவரானார்; ரஷ் துணைத் தலைவர்களுள் ஒருவர். பிரான்சோடு போர் மூளுமோ என்ற அச்சமும், அரசைக் குறை கூறுவோரைச் சிறையில் தள்ளும் சட்டமும், கட்சிப் பகையும் நாட்டைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது. 1798–99-இன் மாலைகளில் இருவரும் அமர்ந்து பேசிய பேச்சுகள், அந்த நெருக்கடியின் துன்பங்களுக்கு வலி தணிக்கும் மருந்தாக இருந்தன என்று ஜெஃபர்சன் பிற்பாடு ரஷ்ஷுக்கு எழுதினார். மருத்துவருக்கு எழுதும்போது அவருடைய தொழிலிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கும்.

இரண்டாம் நாள் – பிலடெல்பியா

காலையில் எட்டாம் தெருவும் பைன் தெருவும் கூடும் இடத்திலுள்ள பென்சில்வேனியா மருத்துவமனைக்குப் போனோம். 1751-இல் பிராங்க்ளினும் மருத்துவர் தாமஸ் பாண்டும் சேர்ந்து தொடங்கிய இம்மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பைன் தெருப் பக்கத்துப் பழைய கட்டடத்தை வெளியிலிருந்தே நெடுநேரம் பார்த்தேன். 1783 முதல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் ரஷ் இங்கே நோயாளிகளைப் பார்த்தார். மனநோய் கொண்டவர்களைச் சங்கிலியிட்டு வைத்திருந்த காலத்தில், அவர்களுக்கு இருப்பது நோய், அவர்கள் நோயாளிகள் என்று வாதாடி, கணப்பு வசதியுள்ள அறையும் செய்வதற்கு வேலையும் கேட்டுப் போராடியவர் அவர்.

இனி எழுதப்போவதை ஒரு மருத்துவனாக வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். 1793-இல் மஞ்சள் காய்ச்சல் இந்நகரைத் தாக்கியது. ஏறக்குறைய 50,000 பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 5,000 பேர் மாண்டார்கள். வசதியுள்ளவர்களோடு மருத்துவர்கள் சிலரும் ஊரை விட்டுப் போன நாள்களில், ரஷ் போகவில்லை. தானும் காய்ச்சலில் விழுந்து எழுந்து, நாளெல்லாம் வீடு வீடாகச் சென்றார். ஆனால் சென்ற வீடுகளில் அவர் செய்தது நாளத்தைக் கீறி இரத்தம் வடித்ததும், பாதரச உப்பும் ஜாலப் வேரும் கலந்த கடும்பேதி மருந்தைக் கொடுத்ததும்தான். ஓர் உடலில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்பதையே அவர் மிகையாகக் கணக்கிட்டிருந்தார். நோயைக் கொசு பரப்புகிறது என்பது தெரியவர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. கறுப்பின மக்களுக்கு இந்நோய் வராது என்று தவறாக எண்ணி, நோயாளிகளைப் பேணும் பணிக்கு அவர்களை அழைத்தார். அவர்கள் துணிந்து வந்தார்கள், அவர்களிலும் பலர் இறந்தார்கள். அவரது முறையைத் தாக்கி எழுதிய இதழாளர் வில்லியம் காபெட்மீது ரஷ் வழக்குத் தொடுத்து, 5,000 டாலர் இழப்பீடு பெற்றார். தீர்ப்பு வந்த 1799 டிசம்பர் 14 அன்றுதான், தொண்டை நோய்க்காகத் திரும்பத் திரும்ப இரத்தம் வடிக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டன் தம் வீட்டில் உயிர் நீத்தார்.

ஜெஃபர்சன் இம்முறையை ஒருபோதும் ஏற்கவில்லை. தமக்குத் தெரிந்த மிக வெற்றிகரமான மருத்துவர் ஒருவர், மற்ற எல்லா மருந்துகளையும்விட ரொட்டி மாத்திரைகளையும் வண்ணத் தண்ணீரையும் மரச் சாம்பலையுமே அதிகம் கொடுத்ததாகத் தம்மிடம் சொன்னார் என்று 1807-இல் மற்றொரு மருத்துவ நண்பருக்கு எழுதியிருக்கிறார். ரஷ் இறந்த மறு ஆண்டு, 1814-இல் தாமஸ் கூப்பருக்கு எழுதும்போது இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: இரத்தம் வடிப்பதிலும் பாதரசத்திலும் நான் மிக நேசித்த என் நண்பர் ரஷ்ஷை என்றும் எதிர்த்தே வந்தேன், சுற்றியிருந்த அனைவரின் உயிரையும் நலத்தையும் காக்கிறோம் என்ற உண்மையான நம்பிக்கையோடு அவர் மிகுந்த தீங்கு செய்துவிட்டார். நேசித்த என்பதும் தீங்கு என்பதும் ஒரே வாக்கியத்தில், ஒன்றை ஒன்று குறைக்காமல் நிற்கின்றன. எந்த மருத்துவனைப் பற்றியும் இதைவிட நேர்மையான, இதைவிட அன்பான தீர்ப்பை நான் படித்ததில்லை.

மாலையில் வாஷிங்டன் சதுக்கத்தில் அமர்ந்தோம். சுதந்திரப் போரில் இறந்த வீரர்களும் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களும் அந்தப் புல்வெளிக்கு அடியில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் – ரயிலில்

பிலடெல்பியாவிலிருந்து சார்லட்ஸ்வில்லுக்கு மாறாமல் செல்லும் ரயில் இருக்கிறது. வாஷிங்டனைத் தாண்டியதும் நகரங்கள் குறைந்து, வர்ஜீனியாவின் செம்மண்ணும் இலையுதிர்காலக் காடுகளும் வந்தன. இன்று பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. 1803-ஆம் ஆண்டுக் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவற்றை நாளை எழுதுகிறேன்.

நான்காம் நாள் – மான்டிசெல்லோ

குன்றின் அடிவாரத்திலிருந்து சிற்றுந்தில் ஏற்றிச் செல்கிறார்கள். ஜெஃபர்சனின் வீடு படங்களில் தெரிவதைவிடச் சிறியது. படுக்கையறைக்கும் எழுதும் அறைக்கும் நடுவே, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டில் போடப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் இறங்கினால் உடை மாற்றலாம், மறுபக்கம் இறங்கினால் கடிதம் எழுதலாம்.

எழுதும் மேசைமீது இருக்கும் பொறியைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். மரச் சட்டத்தில் இரண்டு பேனாக்கள், இணைப்புக் கம்பிகளால் பிணைக்கப்பட்டு, பக்கத்தில் பக்கமாகத் தொங்குகின்றன. ஒன்றைக் கையில் பிடித்து எழுத, மற்றொன்று அடுத்த தாளில் அதே எழுத்தை அதே நேரத்தில் எழுதும். பிலடெல்பியாவில் சார்லஸ் வில்சன் பீல் செய்து தந்த பொறி இது. 1804 முதல் ஜெஃபர்சன் இதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பு, எழுதி முடித்த தாளின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்திப் படி எடுத்தார். வாழ்நாளில் ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதிய அவர், அனுப்பியதன் படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தவறியதில்லை. ரஷ்ஷுக்குச் சென்ற கடிதங்களை நாம் இன்று வாசிக்க முடிவது இந்தப் பழக்கத்தாலும்தான். வழிகாட்டி அடுத்த அறைக்கு அழைத்த பிறகும், அந்த இரண்டாம் பேனாவின் மைபடாத முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

1803 பிப்ரவரி 28 அன்று குடியரசுத் தலைவராக வாஷிங்டனிலிருந்து அவர் ரஷ்ஷுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது அவருடைய வயிறு. வாழ்நாள் முழுதும் செரிமானத்தில் குறையின்றி இருந்த தமக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அளவாக மீன் சாப்பிட்ட பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியதாகவும், அது விடாமல் தொல்லை தருவதாகவும், ஒரு நல்ல நோயாளி சொல்வதுபோல் தொடக்கம், கால அளவு, கூட்டியது, குறைத்தது என்று வரிசையாகச் சொல்கிறார். இரண்டாவது செய்தி ஓர் அரசு இரகசியம். மிசௌரி ஆற்றின் வழியே மேற்குக் கண்டத்தை ஆராயக் காங்கிரஸ் ஒப்புதல் தந்துவிட்டது, கேப்டன் மெரிவெதர் லூயிஸ் தலைமையேற்கப் போகிறார், எதையெதைக் கவனித்துவர வேண்டும் என்று அவருக்குக் குறிப்பெழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார். தன் குடலின் நிலையையும் ஒரு நாட்டின் எல்லை விரியப்போகும் செய்தியையும் ஒரே உறையில் வைத்து அனுப்ப, எழுதுகிறவருக்கு எத்தகைய நண்பர் வாய்த்திருக்க வேண்டும்!

ரஷ் இரண்டுக்கும் உடனுக்குடன் பதில் அளித்தார். வயிற்றுக்கு உணவும் மருந்தும் பழக்கமும் பற்றிய நீண்ட ஆலோசனை வந்தது. மே மாதம் பிலடெல்பியா வந்த லூயிஸுக்கு, பழங்குடி மக்களின் நோய்களையும் மருத்துவத்தையும் சமயத்தையும் பற்றிய கேள்விப் பட்டியலும், உடல்நல விதிகளும் கிடைத்தன. உடம்பு சற்றுச் சரியில்லாவிட்டாலும் உழைத்தோ நடந்தோ அதை வெல்லப் பார்க்காதீர்கள், படுத்து ஓய்வெடுங்கள் என்பது ஒரு விதி. குளிர்ந்த நீரில் கால் கழுவுங்கள் என்பது மற்றொன்று. கூடவே அவருடைய பேதி மாத்திரைகள் 600 மூட்டை கட்டப்பட்டன. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு மொன்டானாவில் அப்பயணக் குழு தங்கிய முகாமொன்றின் கழிவுக்குழி மண்ணில் பாதரசத்தின் தடயம் கிடைத்தது.

கால் கழுவுவதைப் படித்தபோது வேறொரு கடிதம் நினைவுக்கு வந்தது. 1819-இல், 76 வயதை நெருங்கிய ஜெஃபர்சன், தம் பழக்கங்களைக் கேட்ட ஒரு மருத்துவருக்குப் பதில் எழுதுகிறார். அதே கேள்விக்கு ரஷ் முன்பு எழுதிய பதிலை மாதிரியாக வைத்துக்கொண்டே எழுதுகிறார். அறுபது ஆண்டுகளாகத் தினமும் காலையில் குளிர்ந்த நீரில் கால்களை நனைத்து வருவதால் சளி அரிதாகவே பிடிக்கிறது என்கிறார். ரஷ் சொன்ன ஒன்றரைக் கோப்பைத் திராட்சை மதுவைத் தாம் இரட்டிப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். அப்போது ரஷ் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இல்லாத நண்பரோடு இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குப் பட்டது.

வீட்டுக்குத் தெற்கே மல்பெரி வரிசை என்னும் பாதை. அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் வாழ்ந்து, ஆணி அடித்து, நூல் நூற்ற குடிசைகள் இருந்த இடம். ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். ரஷ் 1773-லேயே அடிமை முறையை எதிர்த்துத் துண்டு நூல் எழுதியவர், 1803-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானவர். அப்படிப்பட்டவரும் தம் வீட்டில் ஒருவரைப் பல ஆண்டுகள் அடிமையாக வைத்திருந்தார் என்பதை மறைக்க முடியாது. மேல்தளத்து அழகையெல்லாம் பார்த்தபின் அந்தப் பாதையில் நடப்பது கடினமாக இருந்தது. நடக்காமல் திரும்பியிருந்தால் பாதியைத்தான் பார்த்தவனாவேன்.

ஐந்தாம் நாள் – போப்ளர் ஃபாரஸ்ட்

லின்ச்பர்க் நகரை அடுத்த இந்த எண்கோண வீட்டை ஜெஃபர்சன் 1806-இல் கட்டத் தொடங்கினார். மான்டிசெல்லோவில் விருந்தினர் ஓயாததால், பதவியை விட்ட பிறகு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை 90 மைல் பயணம் செய்து இங்கே வந்து தங்குவார். துறவியின் தனிமையில் இருக்கிறேன், தொலைவிலுள்ள நண்பர்களை நினைக்க ஓய்வு கிடைத்திருக்கிறது என்று 1811 ஆகஸ்டில் ரஷ்ஷுக்கு இங்கிருந்துதான் எழுதினார். நடுவே மேலிருந்து ஒளி விழும் சதுரமான உணவறை. தெற்குப் பக்கத்து அறையில் உயரமான சன்னல்கள். அக்டோபர் வெயில் தரைப் பலகைகளில் நீண்டு கிடந்தது. எங்களைத் தவிர நான்கு பேர்தான் இருந்தார்கள்.

மூன்று ஊர்களில் இருந்த மூன்று முதியவர்களின் கதை இந்த வீட்டில் திருப்பம் கொள்கிறது. இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் 1776-இல் தோளோடு தோள் நின்றவர்கள். 1800 தேர்தலில் ஜெஃபர்சன் வென்றபின், புதியவர் பதவியேற்பதைப் பார்க்காமலேயே ஆடம்ஸ் விடியுமுன் வாஷிங்டனை விட்டுப் புறப்பட்டார். பத்தாண்டுகளுக்கு மேலாக நட்பு அறுந்து கிடந்தது. இருவருக்கும் நண்பரான ரஷ், 1809 அக்டோபரில் ஆடம்ஸுக்குத் தாம் கண்ட ஒரு கனவை எழுதினார். தம் மகன் வருங்கால வரலாற்று நூல் ஒன்றைக் கையில் வைத்திருப்பதாகவும், ஆடம்ஸும் ஜெஃபர்சனும் மீண்டும் கடிதம் எழுதிக்கொண்டதாக அதில் இருப்பதாகவும், இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புதைகுழிக்குள் இறங்கியதாக அது முடிவதாகவும் அந்தக் கனவு. கனவு உண்மையில் வந்ததோ, மருத்துவர் கலந்து கொடுத்த மருந்தோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜெஃபர்சனையும் அவர் விடவில்லை. 1811-இன் தொடக்கத்திலேயே கேட்டுப் பார்த்தார்; ஜெஃபர்சன் தயங்கினார். அந்தக் கோடையில் ஜெஃபர்சனின் அண்டை வீட்டு இளைஞர் இருவர் வடக்கே சென்றபோது ஆடம்ஸைக் கண்டு பேச, அவர் பேச்சினூடே, “ஜெஃபர்சனை நான் எப்போதும் நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் ஜெஃபர்சனை வந்தடைந்தது. 1811 டிசம்பர் 5 அன்று இந்த வீட்டிலிருந்து ரஷ்ஷுக்கு எழுதினார்: எனக்கு இது போதும், எங்கள் வாழ்வின் மிக இனிய காலத்து அன்பெல்லாம் திரும்பி வர, இதைத் தெரிந்துகொள்வது மட்டுமே வேண்டியிருந்தது.

ரஷ் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளவில்லை. உடனே ஆடம்ஸுக்குத் தெரிவித்தார். 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் பேனாவை எடுத்தார். உங்களுக்கு வீட்டில் நெய்த துணி இரண்டு துண்டு அனுப்புகிறேன் என்று எழுதினார். அவர் அனுப்பியது தம் மகன் எழுதிய நூலின் இரண்டு தொகுதிகள். கடிதம் முதலில் வந்துவிட்டது, கட்டு பின்தங்கியது. துணிதான் வருகிறது என்று எண்ணிய ஜெஃபர்சன், வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு எப்படித் துணி நெய்கிறார்கள் என்பதைப் பத்தி பத்தியாக விவரித்துப் பதில் எழுதினார். பதினோரு ஆண்டுப் பிரிவுக்குப் பின் முதல் பேச்சு நூலும் தறியுமாக அமைந்தது. அதன்பின் அவர்கள் எழுதிக்கொண்டவை 150-க்கும் மேற்பட்ட கடிதங்கள். நீங்கள் இருவரும் நம் புரட்சியின் வட துருவமும் தென் துருவமும் என்று ரஷ் மகிழ்ந்து எழுதினார். 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். கனவு சொன்னபடியே முடிந்ததைப் பார்க்க ரஷ் இல்லை.

ஆறாம் நாள் – வாஷிங்டன்

திரும்பும் ரயிலில், 1803 ஏப்ரலில் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவிலிருந்து வாஷிங்டனுக்குச் சென்ற பயணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். புறப்படும் தறுவாயில் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிய, சாக்ரடீசையும் இயேசுவையும் ஒப்பிடும் சிறு நூல் கைக்கு வந்தது. வேறு வேலையில்லாத வழிப்பயணத்தில் அதையே சிந்தித்துக்கொண்டு போய், ஏப்ரல் 21 அன்று ரஷ்ஷுக்கு எழுதினார். கிறிஸ்தவம் பற்றிய தம் கருத்தை எழுதித் தருவதாகப் பிலடெல்பியா மாலைகளில் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் கடிதம் அது. இயேசு எந்தப் பொருளில் ஒருவர் கிறிஸ்தவராக இருக்க விரும்பினாரோ அந்த ஒரே பொருளில் நான் கிறிஸ்தவன், அவருடைய போதனைகளை மற்ற எல்லாவற்றிலும் மேலாக ஏற்கிறேன், மனித மேன்மை அனைத்தும் அவரிடம் இருந்தது, அதற்கு மேல் அவர் உரிமை கொண்டாடியதில்லை என்று எழுதி, இதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாத்திகர் என்று மேடைதோறும் தூற்றப்பட்டவர் அவர். ரஷ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். இயேசுவைப் பற்றிய உங்கள் கணிப்பில் எனக்கு உடன்பாடில்லை என்று பணிவோடு, தயங்காமல் பதில் எழுதினார். பத்து ஆண்டுகள் அந்த இரகசியத்தைக் காத்தார்.

1813 ஏப்ரலில் ரஷ் காய்ச்சலில் விழுந்தார். பிறருக்குச் செய்ததையே தமக்கும் கேட்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார். அவர் போன செய்தி வந்ததும், நம்மை விட்டுச் சென்றவர்களில் ரஷ்ஷைவிட நல்லவர் இருந்திருக்க முடியாது என்று ஜெஃபர்சன் ஆடம்ஸுக்கு எழுதினார். சில நாள்களில் ரஷ்ஷின் மகன் ரிச்சர்டுக்கு எழுதி, சமயம் பற்றிய தம் கடிதங்களைத் திருப்பித் தர வேண்டினார். மகனும் அனுப்பிவைத்தார்.

மாலை ஐந்து மணிக்கு ஜெஃபர்சன் நினைவு மண்டபத்தின் படிகளில் ஏறினோம். 1943-இல் திறக்கப்பட்ட வட்ட மண்டபம். நடுவில் 19 அடி உயர வெண்கலச் சிலை. சுவரில் பிரகடனத்தின் வரிகள், சமய உரிமைச் சட்டத்தின் வரிகள். அண்ணாந்து பார்த்தால், கவிகைக்குக் கீழே வளையமாக ஓடும் பெரிய எழுத்துகளில் ஒரே ஒரு வாக்கியம்: மனித மனத்தின்மீது செலுத்தப்படும் எல்லா வடிவக் கொடுங்கோன்மைக்கும் என்றென்றும் பகைவனாக இருப்பேன் என்று கடவுளின் பீடத்தின்மேல் ஆணையிட்டிருக்கிறேன். ஒரே இடத்தில் நின்று அதைப் படிக்க முடியாது. உடல் முழு வட்டம் திரும்ப வேண்டும்.

அது மேடைப் பேச்சு அன்று, சட்டமும் அன்று. 1800 செப்டம்பர் 23 அன்று, தேர்தல் சூடு உச்சத்தில் இருந்தபோது, மான்டிசெல்லோவிலிருந்து ரஷ்ஷுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிற வாக்கியம். அதே கடிதத்தில் மஞ்சள் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறார், பெருநகரங்கள் மனிதனின் ஒழுக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் கேடு என்கிறார், உங்களுக்குத் தருவதாகச் சொன்ன கடிதத்தை மறக்கவில்லை, அதற்கு இன்னும் காலம் வேண்டும் என்று தவணை கேட்கிறார். மகளிடம் இதைச் சொன்னபோது, அவள் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அந்த டாக்டர் பேர் எங்கேயும் போடலையே அப்பா?” என்று கேட்டாள். நாங்கள் இருவரும் இன்னொரு முறை சுற்றி வந்து தேடினோம்.